பதினைந்து நிமிட வாக்கெடுப்பு மூன்று மணி நேரம் ஓடிய கதை

2003 நவம்பர் 22, சனிக்கிழமை. வாஷிங்டனில் அதிகாலை மூன்று மணிக்கு அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில், முதியவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரில் மருந்துச் செலவையும் சேர்க்கும் சட்டத்தின் மீது வாக்கெடுப்பு தொடங்கியது. உறுப்பினர்கள் மின்னணு அட்டையைச் செருகி ஓட்டுப் போடுவார்கள். வழக்கமாகப் பதினைந்து நிமிடம், இழுத்தடித்தால் இன்னும் கொஞ்சம். அந்த நேரம் முடிந்தபோது மசோதா தோற்றுக்கொண்டிருந்தது. பிறகு பலகையில் ஆதரவு 216, எதிர்ப்பு 218 என்று வந்து, ஒரு மணி நேரத்துக்கு மேல் அப்படியே நின்றது. 435 பேர் உள்ள சபையில் 218 என்றால் அறுதிப் பெரும்பான்மை. சபாநாயகர் இருக்கையிலிருந்து சுத்தியல் தட்டியிருந்தால் மசோதா அங்கேயே செத்திருக்கும். தட்டவில்லை. 5.53-க்குத்தான் தட்டினார்கள். அப்போது கணக்கு 220–215, மசோதா வென்றிருந்தது.

மெடிகேர் தொடங்கிய பிறகு அதில் செய்யப்பட்ட மிகப் பெரிய விரிவாக்கம் இது. இதை விடிய விடியக் கண்விழித்து நிறைவேற்றியது, "அரசாங்கம் சிறியதாக இருக்க வேண்டும்" என்று சொல்லிச் சொல்லியே ஓட்டு வாங்கிய குடியரசுக் கட்சி. வெள்ளை மாளிகை, பிரதிநிதிகள் சபை, செனட் மூன்றும் அன்று அவர்கள் கையில்தான் இருந்தன. ஒரு கட்சி தன் கொள்கைக்கு நேர் எதிரான செலவை, விசுவாசத்தின் பெயரால் தன் ஆட்களைக் கொண்டே எப்படி நிறைவேற்றியது, அந்தக் கோபம் பிறகு எங்கே போய் வெடித்தது என்று பார்க்க இதைவிடத் தெளிவான நிகழ்வு எனக்குத் தெரியவில்லை.

மாத்திரை இல்லாத காப்பீடு

65 வயதைக் கடந்தவர்களுக்கான மெடிகேர் 1965-இல் வந்தது. ஆஸ்பத்திரிச் செலவு உண்டு, டாக்டர் ஃபீஸ் உண்டு, ஆனால் கடையில் வாங்கும் மாத்திரைக்குப் பணம் கிடையாது. அன்றைக்கு அது பெரிய குறையாகத் தெரியவில்லை. கொலஸ்ட்ராலுக்கும் ரத்த அழுத்தத்துக்கும் ஆயுள் முழுக்க மாத்திரை சாப்பிடும் காலம் பிறகுதான் வந்தது. 1990-களின் முடிவில் வட மாநிலங்களிலிருந்து முதியவர்கள் பஸ் பிடித்துக் கனடாவுக்குப் போய் மருந்து வாங்கி வந்தார்கள். 2000 அதிபர் தேர்தலில் குடியரசுக் கட்சியின் புஷ், ஜனநாயகக் கட்சியின் அல் கோர் இருவருமே மருந்துக்குக் காப்பீடு தருவதாக வாக்களித்தார்கள்.

இதற்கு முன் ஒரு முயற்சி நடந்து, கையைச் சுட்டுக்கொண்ட கதையும் உண்டு. 1988-இல் மருந்துச் செலவையும் சேர்த்து ஒரு மெடிகேர் சட்டம் வந்தது. செலவை முதியவர்களே ஏற்க வேண்டும் என்று, வசதியுள்ளவர்களுக்குக் கூடுதல் வரி போட்டார்கள். 1989 ஆகஸ்டில் சிகாகோவில், வரிக் குழுவின் தலைவர் டான் ராஸ்டன்கௌஸ்கியின் காரை முதியவர்கள் மறித்துக் கூச்சலிட்டார்கள். அவர் காரை விட்டு இறங்கி ஓட வேண்டியதாயிற்று, அது தொலைக்காட்சியில் ஓடியது. அந்த ஆண்டு முடிவதற்குள் சட்டத்தை அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸே ரத்து செய்தது.

இதிலிருந்து இரண்டு கட்சிகளும் ஒரே பாடத்தைத்தான் படித்தன: சலுகை கொடு, வரி கேட்காதே. 2003 சட்டத்தில் புதிய வரி ஒன்றுகூட இல்லை. அடிப்படைச் செலவில் ஏறக்குறைய கால் பங்கு மட்டும் பயனாளியின் மாதக் கட்டணத்திலிருந்து வரும். மிச்சத்தில் பெரும்பங்கு பொதுக் கருவூலத்திலிருந்து. அந்தக் கருவூலம் ஏற்கெனவே கடனில் ஓடிக்கொண்டிருந்தது. 2000-இல் 236 பில்லியன் டாலர் உபரி இருந்தது. இரண்டு வரிக் குறைப்புகள், ஒரு பொருளாதாரச் சரிவு, ஆப்கானிஸ்தான், ஈராக் என்று வந்து, 2004 நிதியாண்டில் 400 பில்லியனுக்கு மேல், அதாவது 40,000 கோடி டாலருக்கு மேல் பற்றாக்குறை.

கொள்கைப்பிடிப்புள்ள குடியரசுக் கட்சி உறுப்பினர்களுக்கு இது தொண்டையில் முள். 2003 ஜூனில் சபையின் முதல் வடிவமே 216–215 என்று ஒரே ஓட்டில்தான் தப்பியது. பத்தாண்டுச் செலவு 400 பில்லியனைத் தாண்டினால் எங்கள் ஓட்டு கிடைக்காது என்று பழமைவாதிகளில் சிலர் சொல்லியிருந்தார்கள். இந்த எண்ணை நினைவில் வையுங்கள்.

கொறடாவின் கையில் என்ன இருக்கிறது

இந்தியாவில் கொறடா உத்தரவை மீறி ஓட்டுப் போட்டால் பதவியே போகலாம். அமெரிக்காவில் கட்சித்தாவல் தடைச் சட்டம் என்று ஒன்று கிடையாது. உறுப்பினர் எப்படி ஓட்டுப் போட்டாலும் தொகுதி அவருடையதுதான். ஆகவே அங்கே தலைமை மிரட்ட முடியாது, பேரம் பேசத்தான் முடியும் என்று நினைப்போம். பேரத்துக்கும் மிரட்டலுக்கும் நடுவே எவ்வளவு இடம் இருக்கிறது என்பது அந்த மூன்று மணி நேரத்தில் தெரிந்தது.

சபாநாயகர் டென்னிஸ் ஹாஸ்டர்ட், பெரும்பான்மைத் தலைவர் டாம் டிலே, சுகாதார அமைச்சர் டாமி தாம்சன் மூவரும் அவைக்குள்ளேயே ஆளாளாகப் பிடித்துப் பேசினார்கள். அமைச்சர் ஒருவர் வாக்கெடுப்பு நடக்கும்போது அவைக்குள் நின்று ஓட்டுக் கேட்பது அங்கே வழக்கமே இல்லை. லண்டன் பயணம் முடித்து முந்தைய நாள்தான் திரும்பியிருந்த புஷ், விடியும் முன் எழுந்து போனில் பேசினார். கடைசியில் ஓட்டை மாற்றியவர்கள் ஐடஹோவின் புட்ச் ஆட்டர், அரிசோனாவின் டிரென்ட் ஃபிராங்க்ஸ். அவர்களிடம் வைக்கப்பட்ட வாதம் இதுதான்: "இது தோற்றால் ஜனநாயகக் கட்சி தன் மசோதாவை அவைக்குக் கொண்டுவந்து நிறைவேற்றிவிடும். அதன் செலவு இதைவிட அதிகம்."

இந்த வாதத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். செலவு சரி என்று யாரும் சொல்லவில்லை, எதிராளி இன்னும் அதிகம் செலவழிப்பான் என்றுதான் சொன்னார்கள். இரண்டே கட்சிகள் உள்ள அமைப்பில் இந்த வாதத்துக்கு வரம்பே கிடையாது. எந்தத் தொகைக்கும் இதைச் சொல்லலாம். அதற்கடுத்த இருபது ஆண்டுகளில் இரு தரப்பும் எல்லாத் தொகைக்கும் இதைத்தான் சொன்னார்கள்.

மிச்சிகனின் நிக் ஸ்மித் கதை இன்னும் அழுத்தமானது. அவர் ஓய்வு பெறப்போகிறவர், பதவி ஆசை காட்டி வளைக்க முடியாதவர். ஆனால் அவர் தொகுதிக்கு அவருடைய மகன் பிராட் போட்டியிட இருந்தார். மசோதாவுக்கு ஓட்டுப் போட்டால் மகனின் பிரசாரத்துக்குப் பெரிய அளவில் பண உதவியும் ஆதரவும் தருவதாகச் சொன்னார்கள், மறுத்ததும் மகனைத் தோற்கடிப்போம் என்றார்கள் என்று ஸ்மித் பிறகு எழுதினார். ஒரு வானொலிப் பேட்டியில் ஒரு லட்சம் டாலர் என்ற தொகையும் வந்தது. அப்புறம் அதிலிருந்து பின்வாங்கினார். சபையின் ஒழுங்குக் குழு விசாரித்து 2004 செப்டம்பர் 30 அன்று அறிக்கை தந்தது. லட்சம் டாலருக்கு ஆதாரம் இல்லை. ஆனால் ஓட்டுக்குப் பதிலாக மகனுக்கு ஆதரவு அறிக்கை தருவதாக டிலே சொன்னது உண்மை என்று கண்டித்தது. கூடவே உறுப்பினர் கேண்டிஸ் மில்லருக்கும் கண்டனம். விவகாரத்தை மிகைப்படுத்திப் பேசியதற்காக ஸ்மித்துக்கும் ஒன்று. புகார் சொன்னவரும் சேர்த்தே குட்டு வாங்கினார். ஸ்மித் கடைசிவரை ஓட்டை மாற்றவில்லை. மகன் 2004 ஆகஸ்டில், கட்சி வேட்பாளரை வாக்காளர்களே தேர்ந்தெடுக்கும் உட்கட்சித் தேர்தலிலேயே தோற்றார்.

காணாமல் போன 139 பில்லியன்

காங்கிரஸின் பட்ஜெட் அலுவலகம் பத்தாண்டுச் செலவை 395 பில்லியன் டாலர் என்று மதிப்பிட்டது. 400-க்குள் கச்சிதமாக அடங்கிய தொகை. டிசம்பர் 8-இல் புஷ் கையெழுத்திட்டார். இரண்டு மாதம்கூட ஆகவில்லை, வெள்ளை மாளிகையே தன் மதிப்பீட்டை வெளியிட்டது: 534 பில்லியன்.

இந்த உயர்ந்த மதிப்பீடு திடீரென்று முளைத்ததல்ல. மெடிகேரின் தலைமைக் காப்பீட்டுக் கணிப்பாளர் ரிச்சர்ட் ஃபாஸ்டர், வாக்கெடுப்புக்கு மாதங்கள் முன்பே செலவு 500 பில்லியனைத் தாண்டும் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தார். காங்கிரஸ் கேட்டும் கொடுக்க முடியவில்லை. கொடுத்தால் வேலை போய்விடும் என்று தன் மேலதிகாரி தாமஸ் ஸ்கல்லி எச்சரித்ததாக அவர் பின்னர் சொன்னார். துறையின் உள் விசாரணை, குற்றவியல் சட்டம் எதுவும் மீறப்படவில்லை என்று முடித்தது. அரசின் தணிக்கை அமைப்போ, தகவலைத் தடுத்த காலத்துக்கு ஸ்கல்லிக்குச் சம்பளமே கொடுத்திருக்கக் கூடாது என்றது. ஸ்கல்லி அதற்குள் போய்விட்டார். பதவியில் இருக்கும்போதே தனியாரிடம் வேலை தேட அவர் விலக்குப் பெற்றிருந்தார். சட்டத்தை வடித்த குழுத் தலைவர்களில் ஒருவரான பில்லி டாசின், 2005 தொடக்கத்தில் மருந்துக் கம்பெனிகளின் சங்கத்துக்கே தலைவராகப் போய்ச் சேர்ந்தார். அந்தச் சட்டத்தில்தான், மருந்து விலையை அரசு கம்பெனிகளோடு பேரம் பேசக் கூடாது என்ற பிரிவு இருந்தது. முன்னாள் படைவீரர்களுக்கான மருந்தை இதே அரசு பேரம் பேசித்தான் வாங்குகிறது.

தணிக்கை அமைப்பின் தலைவராக இருந்த டேவிட் வாக்கர், 1960-களுக்குப் பிறகு வந்தவற்றிலேயே நிதிப் பொறுப்பு மிகக் குறைந்த சட்டம் இது என்று 2007-இல் தொலைக்காட்சியில் சொன்னார்.

சலுகை கிடைத்தவரும் திட்டினார்

இவ்வளவு செலவழித்ததற்கு முதியவர்களாவது மகிழ்ந்தார்களா? 400-க்குள் அடக்க வேண்டும் என்பதற்காகச் சலுகையின் நடுவில் ஒரு பள்ளத்தை வெட்டியிருந்தார்கள். "டோனட் ஹோல்" என்று பெயரே வந்துவிட்டது. 2006 கணக்கு இப்படி: முதல் 250 டாலர் முழுக்க உங்கள் கையிலிருந்து. 250 முதல் 2,250 வரை கால் பங்கு உங்களுடையது. 2,250-க்கு மேல் 5,100 வரை மொத்தமும் மறுபடி உங்கள் தலையில். அதற்கு மேல் ஐந்து சதவீதம். வருடத்துக்கு 3,000 டாலர் மருந்து வாங்கும் ஒரு பாட்டியை எடுத்துக்கொள்ளுங்கள்: 250, அப்புறம் 500, அப்புறம் 750, ஆக 1,500 டாலர் அவர் கையிலிருந்து போகும். பாதிதான் மிச்சம். இலையுதிர் காலம் வரை மருந்துக் கடையில் நாலில் ஒரு பங்கு கொடுத்துப் பழகியவர், திடீரென்று ஒரு நாள் முழு விலையைக் கொடுக்க வேண்டும். மாதக் கட்டணம் மட்டும் பள்ளத்திலும் நிற்காது. கூடவே, ஒவ்வொரு மாநிலத்திலும் டஜன் கணக்கில் தனியார் திட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு மருந்துப் பட்டியல். 2006 ஜனவரி தொடங்கியபோது பல ஏழை முதியவர்களின் பெயர் கணினியில் இல்லாமல் போக, மாநில அரசுகள் அவசரமாகக் கைக்காசு போட்டுச் சமாளித்தன.

செலவை வெறுத்தவர்களின் கோபம் வேறு ரகம். 2005-இல் டிலே, பட்ஜெட்டில் வெட்டக் கொழுப்பே மிச்சமில்லை என்கிற பொருளில் பேசினார். அதே ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டத்தில், அலாஸ்காவின் கெச்சிக்கன் ஊரை ஐம்பது பேர் வசிக்கும் கிராவினா தீவோடு இணைக்க 223 மில்லியன் டாலர் பாலத்துக்கு இடம் ஒதுக்கியிருந்தது. அந்தப் பணத்தைப் புயலில் அழிந்த லூசியானாவுக்குத் திருப்பலாம் என்று செனட்டர் டாம் கோபர்ன் திருத்தம் கொண்டுவந்தார். 82–15 என்று தோற்றது. கட்சிகளுக்குள் ஒற்றுமை இல்லை என்று யார் சொன்னது!

2006-இல் குடியரசுக் கட்சி இரு அவைகளையும் இழந்தது. ஈராக் போரும் ஊழல் வழக்குகளும்தான் முதன்மைக் காரணங்கள். ஆனால் "நாம் நம் கொள்கையை விட்டதால் தோற்றோம்" என்று கட்சிக்குள் பரவிய விளக்கத்தில் மருந்துச் சட்டமும் அந்தப் பாலமும் தவறாமல் இடம்பெற்றன. 2008-இல் வங்கிகளைக் காப்பாற்ற 700 பில்லியன் என்றதும் அது பற்றிக்கொண்டது. செப்டம்பர் 29 அன்று சபை அதை 205–228 என்று தோற்கடித்தது. குடியரசுக் கட்சியில் 133 பேர் எதிர்ப்பு. பங்குச் சந்தை 777 புள்ளி விழுந்ததும் அதே வாரம் நிறைவேற்றினார்கள்.

2009 கோடையில் தென் கரோலினாவில் உறுப்பினர் பாப் இங்லிஸ் நடத்திய கூட்டத்தில் ஒருவர் எழுந்து, "என் மெடிகேரில் அரசாங்கம் கை வைக்கக் கூடாது" என்றார். மெடிகேரே அரசாங்கத்தின் திட்டம்தான் ஐயா என்று இங்லிஸ் விளக்கிப் பார்த்தார், அவர் காதில் ஏறவில்லை. இதை அறியாமை என்று கேலி செய்து எழுதியவர்கள் ஏராளம். எனக்கு அவ்வளவு எளிதாகச் சிரிப்பு வரவில்லை. சம்பளத்தில் ஆயுள் முழுக்க மெடிகேர் வரி பிடிக்கப்பட்டவர், அதைத் தன் சேமிப்பாகவே நினைக்கிறார். "செலவு" என்று அவர் சொல்வது அடுத்தவருக்குப் போகும் பணத்தை. வெளிநாட்டு உதவி பட்ஜெட்டில் நாலில் ஒரு பங்கு என்று அமெரிக்கர்கள் சராசரியாக நினைப்பதைக் கருத்துக்கணிப்புகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. உண்மையில் அது ஒரு சதவீதம் அளவில்தான். பணம் பெரும்பகுதி போவது சமூகப் பாதுகாப்பு (அரசு ஓய்வூதியம்), மெடிகேர், மெடிகெய்டு (ஏழைகளுக்கான மருத்துவக் காப்பீடு), ராணுவம், வட்டி ஆகியவற்றுக்கு. 2024-இல் வட்டி ராணுவத்தையே முந்திவிட்டது.

இங்லிஸ் 2010 உட்கட்சித் தேர்தலில் படுதோல்வி அடைந்தார். வங்கி மீட்புக்கு ஓட்டுப் போட்டவர் என்பது அவர் மேல் இருந்த குற்றச்சாட்டுகளில் ஒன்று. மருந்துச் சட்டத்துக்கு ஆதரவாக ஓட்டுப் போட்ட பால் ரயனும் ஜான் போனரும் வங்கி மீட்பையும் ஆதரித்தவர்கள்தான். ஆனால் அவர்கள் பிறகு அடுத்தடுத்துச் சபாநாயகர் ஆனார்கள்.

இல்லை என்று சொன்ன 25 பேர்

அன்றிரவு கட்சியை மீறி எதிர்த்த குடியரசுக் கட்சியினர் 25 பேர். செலவுக் கோபம் உண்மையிலேயே செலவைப் பற்றியதாக இருந்திருந்தால், இவர்களைத்தான் கட்சிக்காரர்கள் பின்னாளில் தோளில் தூக்கியிருக்க வேண்டும்.

பென்சில்வேனியாவின் பாட் டூமி அவர்களில் ஒருவர். 2004-இல் தன் கட்சியின் மூத்த செனட்டர் ஆர்லன் ஸ்பெக்டரை எதிர்த்து உட்கட்சித் தேர்தலில் நின்றார். புஷ் வந்து ஸ்பெக்டருக்காகப் பிரசாரம் செய்தார். டூமி மயிரிழையில் தோற்றார். 2009-இல் ஒபாமாவின் பொருளாதார ஊக்கத் திட்டத்துக்கு ஸ்பெக்டர் ஓட்டுப் போட்டதும் காற்று மாறியது. டூமியிடம் தோற்போம் என்று தெரிந்து ஸ்பெக்டர் ஜனநாயகக் கட்சிக்குத் தாவினார், அங்கேயும் உட்கட்சித் தேர்தலில் தோற்றார். டூமி செனட்டர் ஆனார். இதுவரை கதை சிக்கனக்காரர்களின் வெற்றிபோலத்தான் தெரியும். 2021 பிப்ரவரியில் டிரம்ப்மீதான பதவிநீக்க விசாரணையில் குற்றவாளி என்று ஓட்டுப் போட்ட ஏழு குடியரசுக் கட்சிச் செனட்டர்களில் டூமியும் ஒருவர். அவருடைய பட்ஜெட் கணக்கு ஒரு பைசா மாறவில்லை. ஆனாலும் உள்ளூர்க் கட்சிக் கிளைகள் கண்டனம் நிறைவேற்றின. மனசாட்சிப்படி ஓட்டுப் போடவோ சரியானதைச் செய்யவோ நாங்கள் அவரை அங்கே அனுப்பவில்லை என்று ஒரு மாவட்டக் கட்சித் தலைவர் தொலைக்காட்சியிலேயே சொன்னார்.

அரிசோனாவின் ஜெஃப் ஃபிளேக், தொகுதிச் சலுகை நிதிகளை ஒவ்வொன்றாக எதிர்த்தே பெயர் வாங்கியவர். டிரம்பை விமர்சித்தார். 2017-இலேயே மறுபடி நிற்கப் போவதில்லை என்று அறிவித்து விலகினார். நின்றிருந்தால் சொந்தக் கட்சிக்காரர்களே தோற்கடித்திருப்பார்கள். மைக் பென்ஸ் அந்த 25-இல் இன்னொருவர். அவர் துணை அதிபராக இருந்த நான்கு ஆண்டுகளில் தேசியக் கடன் ஏறக்குறைய 7.8 டிரில்லியன் டாலர் கூடியது. அதில் கொரோனாவுக்கு முன் கூடியதும் கணிசம். அப்போதெல்லாம் யாரும் அவரைக் கேள்வி கேட்கவில்லை. 2021 ஜனவரி 6-இல் தேர்தல் முடிவை மாற்ற மறுத்ததற்குத்தான் கேட்டார்கள். 2023-இல் அதிபர் வேட்பாளராக நின்று, மெடிகேரையும் சமூகப் பாதுகாப்பையும் சீர்திருத்த வேண்டும் என்று வெளிப்படையாகப் பேசிய அரிதான ஆள் அவர். அக்டோபரிலேயே போட்டியிலிருந்து விலகினார்.

கேட்பதற்கு ஆளில்லாத கோபம் இப்படித்தான் திசை மாறியது. செலவழித்த கட்சியைத் தண்டிக்க வேண்டுமென்றால் அதைவிடச் செலவழிக்கும் (என்று அவர்கள் நம்பும்) கட்சிக்கு ஓட்டுப் போட வேண்டும். அது முடியாது. நாற்பது சதவீதத்துக்கு மேல் அமெரிக்கர்கள் தங்களைச் சுயேச்சை என்று சொல்லிக்கொண்டாலும், 2016-இல் செனட் தேர்தல் நடந்த ஒவ்வொரு மாநிலத்திலும் அதிபர் தேர்தலில் வென்ற கட்சியே செனட்டிலும் வென்றது. மிச்சமிருப்பது உட்கட்சித் தேர்தல் ஒன்றுதான். அங்கே வந்து ஓட்டுப் போடும் சிறு கூட்டத்துக்கு, வரவுசெலவுப் புத்தகத்தைவிட யார் நம் ஆள் என்பதைக் கண்டுபிடிப்பது சுலபம்.

இந்த ஆய்வில் ஒத்துவராத ஒரு துண்டு இருக்கிறது, அதையும் சொல்லியாக வேண்டும். மருந்துத் திட்டத்தின் உண்மைச் செலவு ஆரம்பக் கணிப்பைவிடக் கணிசமாகக் குறைந்தது. காப்புரிமை முடிந்து மலிவு மருந்துகள் அலையலையாக வந்தது முக்கியக் காரணம், எதிர்பார்த்ததைவிடக் குறைவான பேர் சேர்ந்தது இன்னொன்று. முதியவர்களுக்கும் திட்டம் பிடித்துப்போனது. டோனட் பள்ளத்தை ஒபாமாவின் 2010 மருத்துவக் காப்பீட்டுச் சட்டம் படிப்படியாக மூடியது. பேரத் தடையை 2022-இல் ஜனநாயகக் கட்சி ஓரளவு நீக்கியது, ஒரு குடியரசுக் கட்சி ஓட்டுக்கூட இல்லாமல். ஆக, 2003-இன் குற்றம் தொகையில் இருந்ததாக நான் நினைக்கவில்லை. மருந்து கொடுக்க வேண்டியதுதான். உண்மையான எண்ணை மறைத்ததும், பணம் எங்கிருந்து வரும் என்ற கேள்வியையே எழுப்பாமல் விட்டதும்தான் குற்றம்.

வாக்கெடுப்பை இழுத்தடித்த வழக்கம் என்ன ஆயிற்று? 2007-இல் சபையைப் பிடித்த ஜனநாயகக் கட்சி, முடிவை மாற்றுவதற்காக மட்டும் வாக்கெடுப்பைத் திறந்து வைக்கக் கூடாது என்று விதி எழுதியது. அந்த ஆண்டு ஆகஸ்டிலேயே அவர்கள் தரப்பில் ஒரு வாக்கெடுப்பு ரகளையில் முடிந்தது. 2009 ஜனவரியில் அந்த விதியைச் சத்தமில்லாமல் எடுத்துவிட்டார்கள். 2021 நவம்பரில், தங்கள் செலவு மசோதாக்களுக்கு ஆள் சேர்ப்பதற்காக, ஒரு நடைமுறை வாக்கெடுப்பை ஏழு மணி நேரத்துக்கு மேல் திறந்து வைத்தார்கள். 2025 ஜூலையில் டிரம்பின் பெரிய வரி–செலவுச் சட்டத்துக்காகக் குடியரசுக் கட்சி அந்தச் சாதனையையும் முறியடித்தது. பத்தாண்டில் பற்றாக்குறையை 3.4 டிரில்லியன் கூட்டும் என்று பட்ஜெட் அலுவலகம் சொன்ன சட்டம் அது. கடன் கடன் என்று கடைசி நாள்வரை முழங்கிய உறுப்பினர்கள் ஒருவர் பின் ஒருவராக வழிக்கு வந்தார்கள். 218–214. கட்சியில் எதிர்த்து ஓட்டுப் போட்டவர்கள் இருவர். பென்சில்வேனியாவின் பிரையன் ஃபிட்ஸ்பேட்ரிக்குக்கு மெடிகெய்டு வெட்டுகள் பிடிக்கவில்லை. கடனைக் காரணம் காட்டிக் கடைசிவரை நின்றவர் கென்டக்கியின் தாமஸ் மாசி ஒருவர்தான். அவரை அடுத்த உட்கட்சித் தேர்தலில் வீழ்த்தப் போவதாக அதற்கு முன்பே டிரம்ப் பகிரங்கமாக அறிவித்திருந்தார்.